இருட்டுவதற்குள் டிரா

எங்கள் பக்கத்தில் செஸ் ஆடிய பெண்களுக்கு டிரா என்பது பாதி நேரம் ரயில் சம்பந்தப்பட்ட விஷயம். நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள் மகளிர் போட்டி நடக்கும். கடைசி ரவுண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஐந்து மணி தாண்டியதும் வராந்தாவில் அப்பாக்களும் அண்ணன்களும் வீட்டுக்காரர்களும் வந்து நிற்க ஆரம்பிப்பார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை வாட்சைத் தட்டிக் காட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த போர்டில் இரண்டு பேரும் கை குலுக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஸ்கோர்ஷீட்டில் பதினைந்து மூவ்கூட இருக்காது. காய்கள் முக்கால்வாசி அப்படியே நிற்கும். யாருக்கு நல்ல பொசிஷன் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. ஆட்டம் ஆரம்பித்தால்தானே தெரியும்?

பெரிய கிராண்ட்மாஸ்டர்களும் இப்படி எழுந்து போனவர்கள்தான். பரிசுப் பணத்தைக் கணக்குப் பார்த்து, ஆளுக்கு அரைப் புள்ளி போதும் என்று இருபது மூவுக்குள் முடித்துக்கொள்வார்கள். பார்க்க வந்தவர்கள் கடுப்பாகி, 2005-ல் பல்கேரியாவில் சோஃபியா நகரத்துப் போட்டியில், ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது, நடுவர் சம்மதித்தால்தான் உண்டு என்று விதியே போட்டார்கள். சோஃபியா விதி என்று இன்றும் அதற்குப் பெயர். ஆனால் அது பணக்கணக்குக்கு மருந்து. எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளை பிளாட்ஃபாரத்தில் நிற்கக் கூடாது என்ற கணக்குக்கு எந்த நகரத்தின் பெயரிலும் விதி வரவில்லை.

எங்கள் வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். அப்பாவுக்கு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் கூட வேலை செய்கிறவர்களோடு கேரமும் செஸ்ஸும் ஆடுவார். அப்படித்தான் எனக்கு ஆட்டம் வந்தது. வீட்டில் யானை, குதிரை, சிப்பாய் என்று கற்றுக்கொண்டது போட்டிக்குப் போனதும் ரூக், நைட், பான் என்று ஆனது. திருவள்ளூர் மாவட்டம் அப்போது புதுசு. 1997-ல்தான் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அதில் வந்தன. அதனால் மவுண்ட் ரோடுக்கு முக்கால் மணி நேரத்தில் போகிற நாங்கள் செஸ்ஸில் சென்னைக்காரர்கள் இல்லை. திருத்தணி, பொன்னேரியிலிருந்து வருகிற பெண்களோடு சேர்ந்து மாவட்டப் போட்டி ஆடி, முதல் சில இடங்களில் வந்தால்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு இங்கே ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் புரியாது.

எங்களுக்கு அன்றைக்கு ஒரே பெயர்தான்: விஜயலட்சுமி. தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தை 1995, 1996, 1998 என்று சென்னைப் பெண் எடுத்துக்கொண்டே இருந்தார். தங்கைகள் மீனாட்சி, புவனேஸ்வரி இருவரும் ஆட்டக்காரிகள். 2001-ல் விஜயலட்சுமி இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1999-ல் ஆர்த்தி ராமசாமி பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை ஜெயித்தார். பேப்பரில் வந்த அந்த இரண்டு அங்குலப் படங்களை வெட்டி ஜியோமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக்கொண்டவர்கள் எங்கள் செட்டில் நிறையப் பேர்.

நான் சொல்ல வந்த ஆட்டம் 1998 கார்த்திகை மாதம், ஆவடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வகுப்பறை டெஸ்க்குகள் எழுதுவதற்குத் தோதாகச் சரிவாக இருக்கும். அதன்மேல் ரெக்சின் போர்டை விரித்தால் காய்கள் மெதுவாக நம் பக்கம் இறங்கி வரும். கீழ்ப்பக்கத்துக்கு அழிரப்பரும் மடித்த காகிதமும் முட்டுக் கொடுத்துச் சமம் செய்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாட்டர் பாட்டில்கள் எல்லாம் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பும். மகளிர் செஸ்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓபனிங்கைப் பற்றி எழுதுகிறார்கள், ரேட்டிங்கைப் பற்றி எழுதுகிறார்கள். இந்த நிரம்பிய பாட்டிலைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை.

கடைசி ரவுண்டு இரண்டரைக்கு என்று போட்டிருந்தார்கள். யார் யாரோடு ஆடுவது என்று பேரிங் போடுவது அப்போது கையால்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் யாரோடு ஆடினார், வெள்ளையா கறுப்பா, எத்தனை புள்ளி என்று எழுதியிருக்கும். நடுவர் அட்டைகளை மேஜையில் பரப்பி, சேர்த்து, பிரித்து, மறுபடியும் சேர்த்து முடிப்பதற்குள் மணி நாலைத் தொட்டது. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். முழுசாக ஆடினால் ஏழு.

எனக்கு வந்த எதிராளி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, வீடு பூந்தமல்லி. எங்கள் கூட்டத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூட, காலேஜ் பெண்கள்தான். கழுத்தில் தாலிச் சரடோடு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போர்டுக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். கூடவே ஆறு வயதுப் பையன். பின் பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாத ஸ்கோர்ஷீட்டுகளின் பின்பக்கத்தில் பஸ் படம் வரைந்துகொண்டிருந்தான். அந்த அக்காவும் நானும் அந்த ரவுண்டில் சம புள்ளி. ஜெயிக்கிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். டிரா ஆனால், மற்ற போர்டுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

அக்காவுக்கு வெள்ளை. நான் ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடினேன். மூன்றாவது மூவிலேயே அவர் நடுவில் பானை வெட்டிக்கொண்டார். எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சண்டைக்கு அவசரமில்லாத பொசிஷன். எங்களைப் போன்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாருமே இப்படிப்பட்ட பாதுகாப்பான ஓபனிங்குகளாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து ஹாலில் பையன்களுக்கு சிசிலியன், கிங்ஸ் இண்டியன். எங்களுக்கு மட்டும், 'மொதல்ல தோக்காம ஆடக் கத்துக்கோ.' இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதன் பலன் என்னவோ ஒன்றுதான்: டிராவுக்கு வசதியான பொசிஷன்கள் எங்களுக்கு முதல் மூவிலிருந்தே தயாராக இருந்தன.

ஐந்தரை மணிக்கு ஜன்னலில் அப்பா. வாட்சைத் தட்டவில்லை, அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. குடையை மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். எனக்கு அது போதும். அடுத்த மூவை ஆடிவிட்டு, கிளாக்கை அழுத்துவதற்கு முன் கேட்டேன்: "டிரா பண்ணிக்கலாமாக்கா?"

முறைப்படி கேட்டதுதான். மூவ் ஆடிய பிறகு, கிளாக்கை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது விதி. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரும் அதற்குள் வந்துவிட்டிருந்தார், டி.வி.எஸ். ஃபிஃப்டியை மழையில் நனையாமல் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா போர்டுக்குத் திரும்பி, சாதாரணமாக, "ஆடலாம்மா" என்றார்.

ஆடினோம். இப்படி ஒருவர் எனக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் கோபப்பட நேரமில்லை, ஏனென்றால் அக்கா பிரமாதமாக ஆட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சப்பென்ற பொசிஷனில் அவர் ஒரு ஃபைலைப் பிடித்தார். ரூக் ஏழாம் வரிசைக்கு வந்தது. என் பான் ஒன்று போனது. ராணிகள் போயின. பிஷப்புகள் போயின. ஆறேமுக்கால் வாக்கில் போர்டில் மீதி இருந்தது ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு ரூக், அவருக்கு மட்டும் நடுவில் ஒரே ஒரு பான். ஹாலில் மற்ற போர்டுகள் எல்லாம் முடிந்து, பெஞ்சுகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு டியூப் லைட். எங்களைச் சுற்றி அப்பா, அக்காவின் வீட்டுக்காரர், நடுவர், இரண்டு மூன்று பெண்கள். பையன் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான்.

பார்க்கிறவர்களுக்கு எனக்குத் தோல்வி என்றுதான் தெரியும். ஒரு பான் குறைவு. அந்த பான் மூன்று கட்டம் நகர்ந்தால் ராணி. ஆனால் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து வாங்கிய ஒரு சோவியத் காலத்து எண்ட்கேம் புத்தகம் என்னிடம் இருந்தது. அதில் இந்த பொசிஷன் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிடோர் என்று ஒரு ஃபிரெஞ்சுக்காரர். தொழில் சங்கீதம், பெயர் வாங்கியது செஸ்ஸில். இந்த நிலையில் பான் இல்லாதவர் தப்பிக்கலாம் என்று 1777-லேயே எழுதிவைத்துவிட்டார். செய்ய வேண்டியது மூன்றுதான். நம் ராஜா பானுக்கு எதிரே, அது போய்ச் சேர வேண்டிய கட்டத்தில் நிற்க வேண்டும். நம் ரூக், நம் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நின்று எதிராளியின் ராஜாவை உள்ளே விடாமல் மறிக்க வேண்டும். ராஜா நுழைய முடியாது என்று எதிராளி பானையே அந்த வரிசைக்குத் தள்ளினால், அந்த நிமிஷமே ரூக்கை எதிர்க் கோடி வரை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து செக், செக், செக். பான் முன்னே போய்விட்டதால் அந்த ராஜாவுக்கு ஒதுங்க இடமிருக்காது. அவசரப்பட்டு முதலிலேயே ரூக்கை இறக்கினால் ஆபத்து. தாமதித்தாலும் ஆபத்து.

ஆகவே நான் மூன்றாம் வரிசையில் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ரூக்கை நகர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா அவர் ரூக்கை இங்கும் அங்கும் வைத்துப் பார்த்தார். பிரச்சினை பொசிஷனில் இல்லை, கிளாக்கில். அன்றைய கிளாக் சாவி கொடுக்கிற கிளாக். மூவுக்கு முப்பது வினாடி கூட்டிக் கொடுக்கிற டிஜிட்டல் கிளாக் எல்லாம் எங்கள் மாவட்டத்துக்கு அப்போது வரவில்லை. பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் கொடி விழும், ஆட்டம் போச்சு. பொசிஷன் டிராவா இல்லையா என்பது கொடிக்குத் தெரியாது. என் கொடி தூக்கிவிட்டது. அக்காவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது.

இதற்கும் அன்றைக்கு ஒரு விதி உண்டு. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறவர், 'எதிராளி ஜெயிக்க முயலவில்லை, அல்லது முறையாக ஆடி ஜெயிக்க முடியாத பொசிஷன் இது' என்று கிளாக்கை நிறுத்தி நடுவரிடம் டிரா கேட்கலாம். நடுவர் உடனே கொடுக்கலாம், அல்லது தீர்ப்பைத் தள்ளிவைத்து ஆடச் சொல்லலாம். நான் நிறுத்தினேன். நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தார். அவருக்கும் ரயில் இருந்திருக்கும். டிரா என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர், "ஆடுங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரை இன்றைக்கும் நல்ல நடுவர் என்றுதான் சொல்வேன்.

அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். அவர் யோசிக்கிறவரைக்கும் ஓடுவது அவர் கிளாக் என்பதால் எனக்கு மூச்சு வந்தது. படபடவென்று ரூக்கை அலைக்கழித்து என் கொடியை விழவைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. பானைத் தள்ளினார், மூன்றாம் வரிசைக்கு. நான் ரூக்கை எதிர்க் கோடிக்கு இறக்கினேன். அவர் ராஜா பானுக்குப் பக்கத்தில் வந்தது. செக். நகர்ந்தது. செக். இன்னொரு முறை நகர்ந்தது. செக். அக்கா கையைக் காயிலிருந்து எடுத்து, போர்டுக்கு மேலே நீட்டினார். "டிராம்மா."

கை குலுக்கிய பிறகு வழக்கமாக எல்லாரும் பையைத் தூக்குவார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்களைத் திரும்ப வைத்தார். அந்த பொசிஷனையே வைத்தார். "இத எங்க படிச்ச? மறுபடி காட்டு." வாசலிலிருந்து அவர் வீட்டுக்காரர், "நேரமாச்சு, பஸ்ஸே இருக்காது போல, வண்டியில புள்ளையத் தூக்கிட்டு மழைல..." என்று ஆரம்பித்தார். "ரெண்டு நிமிஷங்க" என்றார் அக்கா, திரும்பாமலே. நான் காட்டினேன். ரூக்கை ஒரு மூவ் முன்னாலேயே இறக்கியிருந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அதையும் ஆடிப் பார்த்தோம். அதில் அவர் ஜெயித்தார். ஜெயித்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், நிஜ ஆட்டத்தில் ஜெயித்திருந்தால்கூட வந்திருக்குமோ என்னவோ. அப்பா குடையை மடக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் அக்கா சொன்னார்: "நீ அப்போ டிரா கேட்டது ரயிலுக்காகத்தானே? பொசிஷனப் பாத்துக் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்."

ஸ்டேஷன் வரைக்கும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மூர் மார்க்கெட் லோக்கல் வந்தது, ஏறினோம், அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர். வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட கேள்வி எல்லார் வீட்டிலும் கேட்கிற கேள்விதான். "ஜெயிச்சியா?" டிரா என்றேன். "அதுக்கா இவ்ளோ நேரம்?" அப்பாதான் பதில் சொன்னார்: "ஒனக்குத் தெரியாது, சாப்பாடு போடு." அந்த அரைப் புள்ளி என்னையும் கொண்டுபோகவில்லை, அக்காவையும் கொண்டுபோகவில்லை. மற்ற போர்டுகளில் சீக்கிரம் முடித்துக்கொண்டவர்களுக்குக் கணக்கு சரியாக விழுந்துவிட்டது. அதன் பிறகு அந்த அக்காவை எந்தப் போட்டியிலும் நான் பார்க்கவில்லை.

கல்யாணம், வேலை, என் ஆட்டமும் நின்றது. ஆனால் ஊர் நிற்கவில்லை. இன்று பாடியிலிருந்து முகப்பேர் வரைக்கும் தெருவுக்கு ஒரு செஸ் கிளாஸ் போர்டு தொங்குகிறது. காரணம் ஊருக்கே தெரியும். பாடியில் ஒரு பேங்க் ஊழியர் வீட்டில், பெண் ரொம்ப டி.வி. பார்க்கிறாள், அதைக் குறைக்கலாம் என்று செஸ் கிளாஸில் சேர்த்தார்கள். அந்தப் பெண் வைஷாலி. அக்காவைப் பார்த்து ஆட வந்த தம்பி பிரக்ஞானந்தா. அப்பா ரமேஷ்பாபு பேட்டிகளில் சொன்ன கதை இது. தம்பி புகழ் பெற்றபோது உலகமே பார்த்தது அம்மா நாகலட்சுமியின் படத்தை: 2023-ல் பாகு நகரத்தில், உலகக் கோப்பையின்போது, ஓரமாக நின்று மகனைப் பார்த்துச் சிரிக்கிற படம். ஆளாளுக்குத் தாய்ப்பாசம் என்று எழுதினார்கள். எனக்கு அந்தப் படத்தில் தெரிந்தது வேறு. போட்டி நடக்கிற ஊருக்கெல்லாம் ரைஸ் குக்கரையும் ரசப் பொடியையும் தூக்கிக்கொண்டு போகிற ஒரு பெண்மணி. அவசரமே இல்லாமல் நிற்கிறார். வாட்சைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிகிறவரை நிற்பார். வைஷாலி உலக அளவில் ஆடிய எத்தனையோ நீண்ட ஆட்டங்களுக்குப் பின்னால் அந்த நிற்றல் இருக்கிறது என்பது என் கட்சி.

வைஷாலியின் ஆட்டத்தில் டிராவுக்கு ஒதுங்குகிற புத்தி இல்லை. 2024-ல் டொரொண்டோவில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியில், வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார். யாராக இருந்தாலும் அடுத்து ஒரு டிரா போட்டு மூச்சு வாங்குவார்கள். அவர் மிச்சம் இருந்த ஐந்தையும் ஜெயித்தார். அப்படிப்பட்டவர் ஒரு டிராவில் பட்டம் வாங்கியதைத்தான் நான் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தேன். 2025 செப்டம்பர் 15, உஸ்பெகிஸ்தானில் சமர்கண்ட், மகளிர் கிராண்ட் சுவிஸ் கடைசி ரவுண்டு. அதற்கு முந்தின மாதம்தான் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில், சொந்த ஊரில், அடுக்கடுக்காகத் தோற்றிருந்தார். சமர்கண்டில் எதிரே உட்கார்ந்திருந்தவர் முன்னாள் மகளிர் உலகச் சாம்பியன், சீனாவின் டான் சோங்யி. ஜூலையில் பட்டூமியில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் காலிறுதியில் வைஷாலியை வெளியேற்றியவர் அவர்தான். இன்னொரு போர்டில் ரஷ்யாவின் கேதரீனா லாக்னோ சம புள்ளியில் துரத்திக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டு அம்மா மாவு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, யாருக்கு என்ன?" என்றார். நம்ம பாடிப் பொண்ணுங்க, கடைசி ஆட்டம் என்றேன். அவருக்குச் செஸ் தெரியாது, ஆனாலும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெயிச்சிடுச்சா?" டிரா என்றேன். "அடடா" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். "இல்லீங்க, டிரா பண்ணித்தான் ஜெயிச்சாங்க." லாக்னோவும் டிரா. இருவரும் 11-க்கு 8. டை-பிரேக்கில் வைஷாலிக்குப் பட்டம். 2023-ல் மான் தீவில் இதே போட்டியை ஜெயித்தவர், தொடர்ந்து இரண்டாவது முறையாகவும் ஜெயித்து, அடுத்த கேண்டிடேட்ஸுக்கும் இடம் பிடித்தார். கீழ்வீட்டு அம்மாவுக்கு இதெல்லாம் புரிந்ததா தெரியாது. "அப்ப டிராவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நல்லதா கெட்டதா என்பது எதைப் பார்த்து டிரா செய்தோம் என்பதைப் பொறுத்தது. தோற்றால் கேண்டிடேட்ஸ் கைவிட்டுப் போகலாம், ஜெயிக்கத் துணிந்தால் டான் சோங்யி திருப்பி அடிப்பார் என்ற கணக்கை போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து போட்டு எடுத்த அரைப் புள்ளி அது. ஆவடியில் அந்த அக்கா என்னிடம் கேட்டதும் அந்தக் கணக்கைத்தான். அந்தக் கணக்கைப் போட முதலில் போர்டில் உட்கார வேண்டும். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இந்திய வீராங்கனை ஹரிகா துரோணவல்லி ஒன்பதாம் மாதக் கர்ப்பத்தோடு வந்து போர்டில் உட்கார்ந்தார். அவர் ஆடிய அணி வெண்கலம் வாங்கியது. 2024-ல் புடாபெஸ்டில் இந்திய மகளிர் அணி தங்கமே வாங்கியது. உட்கார விட்டால் போதும், எங்கள் பெண்கள் உட்காருவார்கள்.

விடுகிறோமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இப்போதும் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் நடக்கிற போட்டிகளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நான் போவதுண்டு. கிளாக் டிஜிட்டல் ஆகிவிட்டது, பேரிங்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது, டெஸ்க்கும் சமமாகிவிட்டது. ஆனால் கடைசி ரவுண்டு இன்னமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். பரிசளிப்புக்கு வருகிற பிரமுகருக்கு அதுதான் வசதியாம். ஆறு மணிக்கு மேல் பெண்கள் பிரிவில் டிராக்கள் வரிசையாக விழுவதை ரிசல்ட் ஷீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெண்கள் பிரிவின் கடைசி ரவுண்டை ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள். பிரமுகர் சாயங்காலம் வரட்டும். அதுவரை பிள்ளைகள் வேண்டுமானால் பிலிட்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். போட்டிக்கு முந்தின நாளே பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வாங்கி வையுங்கள். பெற்றோர்களே, நீங்கள் கூட்டிக்கொண்டு போக வரும்போது ஜன்னல் பக்கம் நிற்காதீர்கள். வாசலில் டீக்கடை இருக்கும்.